வியாழக்கிழமை நண்பர்கள்: லாஸ் ஏஞ்சலிஸ் அறிவியல் புனைகதை மன்றத்தின் கதை

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், பிராட்வே சாலையில், கிளிஃப்டன்ஸ் என்றொரு பெரிய உணவகம் இருந்தது. 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் அந்தக் கடைக்கு நல்ல பெயர். காசு குறைந்தவர்கள் முடிந்ததைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுப் போகலாம். கையில் ஒன்றுமே இல்லாதவரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அந்த உணவகத்தின் மாடியில் இருந்த சிறிய அறையில் வியாழக்கிழமை மாலைகளில் சில இளைஞர்கள் கூடுவார்கள். பேசுவது ராக்கெட், செவ்வாய்க் கிரகம், கால இயந்திரம் பற்றி. பலரிடம் சாப்பாட்டுக்கே காசு இருக்காது. கடை இலவசமாகக் கொடுத்த எலுமிச்சைச் சாற்றைக் குடித்துக்கொண்டே பேச்சு நீளும்.

அந்த அறைக்கு வந்தவர்களில் ஒருவர் தெருமுனையில் நாளிதழ் விற்ற பையன். இன்னொருவர் வீட்டுக் கார் கொட்டகையில் டைனோசர் பொம்மைகள் செய்துகொண்டிருந்தவர். மூன்றாமவர் பத்திரிகைகளைச் சேர்த்து வைப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர். முதலாமவர் ‘பாரன்ஹீட் 451’ எழுதிய ரே பிராட்பரி. இரண்டாமவர் திரைப்படச் சிறப்புக் காட்சிகளின் முன்னோடி ரே ஹேரிஹவுசன். மூன்றாமவர் ஃபாரஸ்ட் ஆக்கர்மேன். உலக அறிவியல் புனைகதை ரசிகர்களிடையே இவரைத் தெரியாதவர் குறைவு.

இவர்கள் திறமைசாலிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் திறமை வெளியே வர யார் யாருக்குப் பணம் கொடுத்தார், யார் யாருடைய கதையை முடித்துக் கொடுத்தார், யார் யாரைத் திட்டினார் என்ற கணக்கு பெரும்பாலும் பதிவாகியிருக்கிறது. அதைப் பார்ப்பதே இக்கட்டுரை.

முகவரியோடு அச்சான கடிதங்கள்

ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்ற பதிப்பாளர் 1926 ஏப்ரலில் நியூயார்க்கில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைகளுக்கென்றே வெளிவந்த முதல் ஆங்கில இதழ் அது. வாசகர் கடிதங்களை வெளியிட்டபோது எழுதியவரின் முழு முகவரியையும் அவர் சேர்த்து அச்சிட்டார். இந்தச் சின்ன விஷயம் பெரிய வேலையைச் செய்தது. தன் ஊரில் இப்படிப்பட்ட கதைகளைப் படிப்பவர் தான் ஒருவர்தான் என்று நினைத்திருந்த பையனுக்கு, பக்கத்து மாநிலத்தில் இன்னொருவர் இருப்பது தெரிந்தது. ஆசிரியருக்கு எழுதியவர்கள் ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினார்கள். நம் ஞாயிறு பதிப்புகளின் வாசகர் கடிதப் பகுதி வழியாகப் பேனா நண்பர் பிடித்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1930 வாக்கில் இந்த நண்பர்கள் சொந்தமாகச் சிறு பத்திரிகைகள் நடத்த ஆரம்பித்தார்கள். தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் முறையில் சில பத்துப் பிரதிகள் எடுத்து, தபாலில் அனுப்புவார்கள். கிளீவ்லண்ட் நகரின் ஓர் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்ற இரு நண்பர்கள் அப்படி ஒரு பத்திரிகை நடத்தினார்கள். ஒருவர் எழுத்து, மற்றவர் படம். 1933இல் அதில் மொட்டைத் தலை வில்லன் ஒருவனைப் பற்றிய கதை வந்தது. அவன் பெயர் சூப்பர்மேன். பிறகு அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வில்லனை நாயகனாக மாற்றினார்கள். 1938இல் அந்த நாயகன் காமிக்ஸ் புத்தகத்தில் வந்தான். உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டு வாழ்நாள் முழுவதும் வருந்தியது தனிக் கதை.

1934இல் கெர்ன்ஸ்பேக் தம் வாசகர்களுக்காக ஒரு கழகத்தை அறிவித்தார். ஊருக்கு ஊர் கிளைகள் தோன்றின. அதன் நான்காவது கிளையாக அதே ஆண்டு பிறந்ததுதான் லாஸ் ஏஞ்சலிஸ் மன்றம். தாய்க் கழகம் சில ஆண்டுகளில் மறைந்தது. கிளை மட்டும் பெயரை மாற்றிக்கொண்டு பிழைத்தது.

கத்திக்கொண்டே இருந்த பையன்

ரே பிராட்பரி 1937இல் மன்றத்துக்கு வந்தபோது அவருக்கு 17 வயது. அப்பா மின்கம்பி வேலை செய்தவர். மந்தக் காலத்தில் வேலை போய், பிழைப்புத் தேடிக் குடும்பத்தோடு இல்லினாய் மாநிலத்திலிருந்து 1934இல் லாஸ் ஏஞ்சலிஸ் வந்து சேர்ந்தவர். பள்ளிப் படிப்பு 1938இல் முடிந்தது. கல்லூரிக்குப் பணமில்லை. தெருமுனையில் நின்று மாலை நாளிதழ் விற்றார். வாரத்துக்குச் சுமார் 10 டாலர் கிடைத்தது. மீதி நேரம் பொது நூலகத்தில் கழிந்தது.

அவரைச் சகிப்பது எளிதாக இருக்கவில்லை. ஓயாத சத்தம், வானொலி நடிகர்களைப் போலவும் ஹிட்லரைப் போலவும் குரல் மாற்றிப் பேசுவது, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பாய்வது. யாரும் அவரை எழுந்து போகச் சொல்லவில்லை என்பதே இன்று வியப்பாக இருக்கிறது. எழுத்தும் அப்போது சுமார்தான். அவருடைய முதல் கதை மன்றத்தின் ‘இமாஜினேஷன்’ இதழில் 1938 ஜனவரியில் வந்தது. பின்னாளில் அவரே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை.

1939இல் அவர் சொந்தமாக ‘ஃபியூச்சூரியா ஃபேன்டேசியா’ என்ற இதழைத் தொடங்கினார். பண உதவி ஆக்கர்மேனுடையது. அப்போது ஆக்கர்மேனுக்கு 22 வயது. அவரும் செல்வந்தர் அல்லர். நான்கே இதழ்கள் வந்தன. போதிய கதைகள் கிடைக்காதபோது பிராட்பரியே வெவ்வேறு புனைபெயர்களில் எழுதிப் பக்கங்களை நிரப்பினார். ஆனாலும் அந்த மெலிந்த இதழில் ராபர்ட் ஹைன்லைன், ஹென்றி கட்னர் போன்றவர்களின் எழுத்தும் இருந்தது. அட்டைப் படம் வரைந்தவர் ஹானஸ் போக். அவரும் காசில்லாத இளைஞர். ஓவியத்தைத் தானாகவே கற்றுக்கொண்டவர்.

நியூயார்க்குக்குப் பேருந்து

அதே 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதலாவது உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. பேருந்துக்கு ஆக்கர்மேன் கடன் கொடுத்தார். நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நாள் கணக்கில் கிரேஹவுண்ட் பேருந்தில் போன பிராட்பரி, தம் மூட்டையோடு ஹானஸ் போக்கின் ஓவியங்களையும் எடுத்துச் சென்றார். நியூயார்க்கில் ‘வியர்டு டேல்ஸ்’ இதழாசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட்டைத் தேடிப் போய் அவற்றைக் காட்டினார். ரைட்டுக்குப் பிடித்துவிட்டது. அந்த ஆண்டு டிசம்பர் இதழின் அட்டையே போக்குடையது. தம் சொந்தக் கதை ஒன்றைக்கூட இன்னும் விற்காத 18 வயதுப் பையன், நண்பனின் படங்களைச் சுமந்துபோய் விற்றுக் கொடுத்திருக்கிறான். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அந்தப் பயணத்தில் அவருக்கும் ஒன்று கிடைத்தது. ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் என்ற இலக்கிய முகவரின் அறிமுகம் ஏற்பட்டது. ஷ்வார்ட்ஸும் ரசிகர் பத்திரிகை நடத்தி முகவரானவர். ஹென்றி ஹாஸ் என்ற மன்ற நண்பரோடு சேர்ந்து பிராட்பரி எழுதிய கதையை 1941இல் விற்றுக் கொடுத்தவர் அவர்தான். சம்பளம் 27 டாலர் 50 காசு. இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

மாநாட்டுக்குச் சுமார் 200 பேர் வந்தார்கள். ஆக்கர்மேனும் அவருடைய தோழி மர்டில் டக்ளஸும் எதிர்கால மனிதர்களின் உடையில் வந்து எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். ‘திங்ஸ் டு கம்’ என்ற 1936ஆம் ஆண்டுப் படத்தின் பாணியில் இரண்டு உடைகளையும் வடிவமைத்துத் தைத்தவர் மர்டில்தான். இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் காமிக்ஸ் விழாக்களில் இளைஞர்கள் காஸ்பிளே என்று வேடமிட்டு வருகிறார்களே, அதன் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக ஆய்வாளர்கள் குறிப்பிடுவது அந்த இரண்டு உடைகளைத்தான்.

அதே மாநாட்டின் வாசலில் ஒரு கசப்பும் நடந்தது. ‘ஃபியூச்சூரியன்ஸ்’ என்ற நியூயார்க் குழுவைச் சேர்ந்த ஆறு பேரை அமைப்பாளர்கள் உள்ளே விடவில்லை. துண்டறிக்கை கொடுத்துக் கலகம் செய்வார்கள் என்று பயம். குழுவில் இடதுசாரிச் சாய்வு கொண்டவர்கள் இருந்தார்கள்; அதற்குமுன்பே இரு தரப்புக்கும் பழைய பகையும் இருந்தது. தடுக்கப்பட்டவர்களில் ஃபிரெடெரிக் போல், சிரில் கார்ன்பிளத், டொனால்ட் வால்ஹைம் ஆகியோர் அடங்குவர். மூவரும் பின்னாளில் அத்துறையின் பெரிய பெயர்கள். அதே குழுவைச் சேர்ந்த ஐசக் அசிமோவ் மட்டும் உள்ளே போய்விட்டார். வாசலில் நிறுத்தியவர்களில் ஒருவரான சாம் மாஸ்கோவிட்ஸ் பிறகு ரசிகர் இயக்கத்தின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். மன்றம், சங்கம் என்று அலைந்த யாருக்கும் இந்த மாதிரிச் சண்டை புதிதல்ல. வெளியே நின்றவர்கள் கலைந்து போய்விடவில்லை. ஒரே வீட்டில் சேர்ந்து குடியிருந்து, சேர்ந்து எழுதினார்கள். போலும் கார்ன்பிளத்தும் இணைந்து எழுதிய ‘த ஸ்பேஸ் மெர்சன்ட்ஸ்’ நாவல் 1953இல் புத்தகமாக வந்தது.

கடற்கரையில் நடந்த பாடம்

பாராட்டு மட்டும் கிடைத்திருந்தால் பிராட்பரி அந்தச் சத்தக்காரப் பையனாகவே நின்றிருப்பார். திருத்தியவர்கள் மன்றத்தின் வழியாக அறிமுகமான மூத்த எழுத்தாளர்கள். அவர்களில் முக்கியமானவர் லீ பிராக்கெட். பிராட்பரியைவிட ஐந்து வயது மூத்தவர். 1940 முதலே கதைகள் விற்றுக்கொண்டிருந்தவர். சாண்டா மோனிகா கடற்கரையில் அவர் கைப்பந்து ஆட வருவார். பிராட்பரி கையெழுத்துப் பிரதியோடு அங்கே போய்விடுவார். இவர் கதையை அவர் படிப்பார், அவர் கதையை இவர் படிப்பார். எங்கே தொய்கிறது என்று பிராக்கெட் ஒளிக்காமல் சொல்வார். வாரம் தவறாமல் இது சில ஆண்டுகள் நடந்தது.

1944இல் பிராக்கெட்டின் துப்பறியும் நாவல் ஒன்றைப் படித்த திரைப்பட இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ், ‘த பிக் ஸ்லீப்’ படத்துக்குத் திரைக்கதை எழுத அவரை அழைத்தார். எழுதியவர் ஆண் என்று நினைத்தே கூப்பிட்டாராம். அப்போது பிராக்கெட்டின் கையில் ஒரு குறுநாவல் பாதியில் நின்றது. அதைத் தூக்கி எறியவில்லை. பிராட்பரியிடம் கொடுத்து முடிக்கச் சொன்னார். மீதிக் கதை எப்படிப் போக வேண்டும் என்ற குறிப்புக்கூட இல்லை. பிராட்பரி முடித்தார். ‘லோரலை ஆஃப் த ரெட் மிஸ்ட்’ என்ற பெயரில் 1946இல் இருவர் பெயரிலும் வந்தது. எந்த இடத்தில் ஒரு கை நின்று மறு கை தொடங்குகிறது என்று வாசகர்கள் இன்றும் தேடுகிறார்கள். அதே ஆண்டு கடைசி நாளில் பிராக்கெட் எழுத்தாளர் எட்மண்ட் ஹாமில்டனை மணந்தார். மாப்பிள்ளைத் தோழன் பிராட்பரி. ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் ‘த எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்துக்கு முதல் திரைக்கதைப் பிரதியை எழுதிக் கொடுத்துவிட்டு 1978இல் காலமான அதே லீ பிராக்கெட்தான் இவர்.

ஹென்றி கட்னர் வேறு மாதிரி ஆசான். அலங்கார வார்த்தைகளைக் கொட்டாதே என்று கடுமையாகத் திட்டுவார். எழுதப்போகும் கதையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே, வாயை மூடிக்கொண்டு எழுது என்பார். ஆனால் பிராட்பரியின் ஒரு கதைக்கு முடிவு அமையாமல் நின்றபோது கடைசிப் பகுதியைத் தாமே எழுதிக் கொடுத்தார். 1942இல் வெளியான ‘த கேண்டில்’ அது. கட்னர் பெயர் அதில் இல்லை.

கட்னரின் சொந்த வாழ்க்கையே ஒரு ரசிகர் கடிதத்தில் தொடங்கியது. சி.எல். மூர் என்பவரின் கதைகளில் மயங்கி, ‘திரு. மூர்’ என்று விளித்து 1936இல் கடிதம் எழுதினார். பதில் எழுதியவர் கேத்தரின் மூர் என்ற பெண். இண்டியானாபோலிஸ் வங்கி ஒன்றில் வேலை பார்த்தவர். கதை எழுதிச் சம்பாதிப்பது தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று முதலெழுத்துகளை மட்டும் போட்டுக்கொண்டவர். 1940இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். பிறகு ஒருவர் தட்டச்சுப் பொறியை விட்டு எழுந்தால் அந்த இடத்திலிருந்து மற்றவர் உட்கார்ந்து தொடர்வாராம். யார் எந்த வரியை எழுதினார் என்பது பல கதைகளில் அவர்களுக்கே நினைவில்லை.

டைனோசர் நண்பன்

ரே ஹேரிஹவுசன் 13 வயதில் ‘கிங் காங்’ படம் பார்த்து அதிலிருந்து மீளவே இல்லை. அந்தப் படத்தின் புகைப்படங்கள் ஒரு திரையரங்கில் மாட்டப்பட்டிருந்ததைக் கண்டு விசாரித்தபோது, அவை ஆக்கர்மேனுடையவை என்று தெரிந்தது. அப்படியே மன்றத்துக்குள் வந்தார். 1938இல் ஆக்கர்மேன் வழியாக பிராட்பரியைச் சந்தித்தார். இருவரும் 1920இல் பிறந்தவர்கள். இருவருக்கும் டைனோசர் பைத்தியம். வயதானாலும் மனத்தளவில் பெரியவர்களாகிவிடக் கூடாது என்று அந்த வயதிலேயே சபதம் செய்துகொண்டார்களாம்.

ஹேரிஹவுசனின் வேலைக்குப் பொறுமை வேண்டும். பொம்மையை மயிரிழை நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம். ஒரு விநாடிக் காட்சிக்கு 24 படங்கள். பொம்மைக்குள் இருக்கும் உலோக எலும்புக்கூட்டைச் செய்ய அப்பா உதவினார். துணிகளை அம்மா தைத்தார். கார் கொட்டகையில் அவர் செய்த பொம்மைகளைப் பார்த்து வியந்து கேட்க ஓர் ஆள் இருந்தார் என்றால் அவர் பிராட்பரி.

1950களின் தொடக்கத்தில் ஒரு தயாரிப்பாளர் கடல் பூதம் பற்றிய படத்துக்கு ஹேரிஹவுசனை அமர்த்தினார். திரைக்கதையைச் சரிபார்க்க பிராட்பரியைக் கூப்பிட்டார். படித்துப் பார்த்த பிராட்பரி, கலங்கரை விளக்கத்தைப் பூதம் தாக்கும் காட்சி தாம் 1951இல் எழுதிய கதையைப் போல இருக்கிறதே என்றார். தயாரிப்பாளர் உடனே அந்தக் கதையின் உரிமையை வாங்கிவிட்டார். ‘த பீஸ்ட் ஃபிரம் 20,000 ஃபேதம்ஸ்’ 1953இல் திரைக்கு வந்தது. ஒருவர் கதை, மற்றவர் பூதம். 1992இல் ஹேரிஹவுசனுக்கு ஆஸ்கார் அகாடமியின் சிறப்பு விருது கிடைத்தபோது மேடையில் அதை எடுத்துக் கொடுத்தவரும் பிராட்பரிதான்.

பெயர் தங்காதவர்கள்

எல்லாருக்கும் இப்படி அமையவில்லை. ‘மொரோஜோ’ என்ற புனைபெயரில் இயங்கிய மர்டில் டக்ளஸ், மன்ற இதழ்களுக்குத் தட்டச்சு செய்தார், பிரதி எடுத்தார், தபாலில் சேர்த்தார். ஆக்கர்மேனோடு இணைந்து வாசகர் கடிதங்களுக்கென்றே ஓர் இதழை நடத்தினார். போர்க்காலத்தில் சிதறிக் கிடந்த ரசிகர்களை அந்தக் கடித இதழ் சேர்த்துப் பிடித்தது. ஆனால் பல ஆண்டுகளாக வரலாறு எழுதியவர்கள் ஆக்கர்மேனின் வேடத்தைப் பற்றி எழுதினார்கள்; அதைத் தைத்தவரை மறந்தார்கள். அவர் 1964இல் காலமானார்.

அதே 1964இல் ஹானஸ் போக்கும் நியூயார்க்கில் இறந்தார். 49 வயது. 1953இல் முதன்முதலாக ஹியூகோ விருது வழங்கப்பட்டபோது அட்டை ஓவியத்துக்கான பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். ஆனால் ஓவியத்தால் வயிறு நிரம்பவில்லை. யாரோடும் அதிகம் ஒட்டாமல் வறுமையில் தனியாக வாழ்ந்து முடித்தார். பேருந்தில் வந்த நண்பன் திறந்துவிட்ட கதவு வேலைக்கு வழி செய்தது. அதற்குமேல் அதனால் முடியவில்லை.

திறந்த வீடு

ஆக்கர்மேன் பெரிய எழுத்தாளர் ஆகவில்லை. அவருக்கு அதில் குறை இருந்ததாகவும் தெரியவில்லை. முகவராக இருந்தார், 1958 முதல் ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ்’ என்ற திரைப்படப் பூதங்கள் பற்றிய இதழை நடத்தினார். ‘சை-ஃபை’ என்ற சுருக்கப் பெயரைப் பரப்பியவரும் அவரே. புத்தகம், பொம்மை, முகமூடி, சுவரொட்டி என்று வீடு நிறையச் சேர்த்தார். சனிக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் வந்து இலவசமாகப் பார்க்கலாம்.

அவர் எதையும் தூக்கி எறியாதவர் என்பதற்கு எழுத்தாளர் ஸ்டீபன் கிங் ஒரு சாட்சி சொல்கிறார். கிங் சிறுவனாக இருந்தபோது ஆக்கர்மேன் நடத்திய இதழ் ஒன்றுக்குக் கதை அனுப்பினார். அது வெளிவரவில்லை. சுமார் 20 ஆண்டுகள் கழித்து, புகழ்பெற்ற எழுத்தாளராகி லாஸ் ஏஞ்சலிஸ் புத்தகக் கடையில் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தபோது, வரிசையில் வந்து நின்ற ஆக்கர்மேன் ஒரு பழைய தட்டச்சுப் பிரதியை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். அந்தச் சிறுவன் அனுப்பிய கதைதான் அது.

ஆக்கர்மேன் 2008இலும் பிராட்பரி 2012இலும் ஹேரிஹவுசன் 2013இலும் காலமானார்கள். மூவருமே 90ஐத் தாண்டியவர்கள். மன்றம் இன்னும் வியாழக்கிழமைகளில்தான் கூடுகிறது.